காலநிலையும் கரண்டும்: வன்னியில் புதிதாகப் படிப்பவருக்கு ஒரு சொல் வழிகாட்டி

வன்னியில் இப்போது எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் காலநிலைச் சொற்கள் வந்து விழுகின்றன. காலபோகத்துக்கு முந்திய கமக்காரர் கூட்டத்தில் 'இசைவாக்கம்' என்கிறார்கள். பிரதேச செயலகத்தில் 'தாங்குதிறன்' என்கிறார்கள். சோலர் பூட்ட வருகிறவர் "அஞ்சு கிலோவாற்று போட்டால் காணும் அக்கா" என்று சொல்லிப் படிவத்தை நீட்டுகிறார். காற்றாலைத் திட்டத்தோடு வருகிறவர்கள் திரையில் படம் போட்டு 'தேறிய பூச்சியம்' என்கிறார்கள். பொதுநோக்கு மண்டபத்தில் இருக்கிற சனம் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறது. காணி, தண்ணீர், மாதாந்தக் கரண்ட் பில் மூன்றும் இந்தச் சொற்களோடு பிணைந்து கிடக்கின்றன. விளங்காமல் தலையாட்டுவது நல்லதில்லை.

உயர்தரம் முடித்துக் களப்பணிக்குப் போகிற பிள்ளைகளுக்கும், புதிதாகச் செயலாளர் பொறுப்பெடுத்த சங்கக்காரருக்கும், வீட்டுக்குச் சோலர் போடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வரைவிலக்கணம் மனப்பாடம் செய்வது நோக்கமில்லை. சொல் கூட்டத்தில் வந்ததும் அதை வைத்தே ஒரு கேள்வி கேட்கிற அளவுக்கு வரவேண்டும்.

ஒரு கொப்பி எடுங்கள்

நாற்பது பக்கக் கொப்பி போதும். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே சொல். அதற்குக் கீழே உங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குரிய பொருள் அல்லது இடம். பிறகு ஓர் இலக்கம். கடைசியில், அந்தச் சொல்லைச் சொல்கிறவரிடம் நீங்கள் கேட்கப்போகிற கேள்வி. ஊரில் பொருளும் கிடைக்காமல் இலக்கமும் கிடைக்காமல் இருக்கிற சொல்லை இப்போதைக்கு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

தொடங்குவதற்கு முன்னர் ஒரு விஷயம். நமது பாடநூல்களில் ஒரு சொல் இருக்கும், தமிழ்நாட்டுக் காணொளிகளில் இன்னொன்று இருக்கும். இங்கே சக்தி என்பதை அங்கே ஆற்றல் என்பார்கள். நமது வலு அவர்களுக்குத் திறன். சுவட்டு எரிபொருளைப் புதைபடிவ எரிபொருள் என்றும், பச்சைவீட்டு விளைவைப் பசுமைக்குடில் விளைவு என்றும், காபனீரொட்சைட்டைக் கார்பன் டை ஆக்சைடு என்றும் எழுதுவார்கள். கொப்பியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால், இணையத்தில் தேடும்போது இரு பக்கத்துத் தகவலும் கைக்கு வரும்.

வானிலையையும் காலநிலையையும் பிரித்துக்கொள்ளுங்கள்

இன்றைக்கு மழை, நாளைக்கு வெயில் என்பது வானிலை. ஓர் இடத்தில் வழக்கமாக எப்போது மழை வரும், எவ்வளவு வரும், எவ்வளவு வெக்கை இருக்கும் என்பது காலநிலை. உலக வானிலை அமைப்பு இதற்கு 30 ஆண்டுச் சராசரியை எடுக்கிறது. ஆகவே 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்ததைக் காட்டி "இதுதான் காலநிலை மாற்றம்" என்று யாராவது சொன்னால், ஒரு நிகழ்வை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது என்று திருத்தலாம். 2020 டிசம்பரில் புரெவி, 2025 நவம்பர் கடைசியில் டித்வா என்று பெருமழையும் புயலும் திரும்பத் திரும்ப வரும்போது அது அடிக்கடி நடக்கிறதா, கடுமை கூடுகிறதா என்று நீண்ட பதிவை வைத்துப் பார்ப்பதுதான் காலநிலைக் கேள்வி.

வன்னிக்கு இந்தக் கேள்வியைக் குளத்தை வைத்துக் கேட்கலாம். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவத்தை ஒட்டி விழுகிறது. அந்தத் தண்ணீரை இரணைமடுவும் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் கட்டுக்கரையும் பிடித்து வைத்தால்தான் சிறுபோகம். எத்தனை ஏக்கர் சிறுபோகம் செய்வது என்பதைக் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். உங்கள் ஊர் மூத்த கமக்காரர் இரண்டு பேரிடம் போய், குளம் வான் பாய்ந்த ஆண்டுகள், சிறுபோகம் இல்லாமல் போன ஆண்டுகள், விதைத்த பிறகு மழை வராமல் அழிந்த ஆண்டுகள் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். பிறகு நீர்ப்பாசனத் திணைக்கள அலுவலகத்தில் இருக்கும் நீர்மட்டப் பதிவோடு ஒப்பிடுங்கள். காலநிலை என்ற சொல் விளங்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இதே பக்கத்தில் எல் நினோவையும் எழுதலாம். பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலும் கிழக்கிலும் கடல்மேற்பரப்பு வழமையைவிடச் சூடாகும் காலம் அது. இந்தியச் செய்தியில் எல் நினோ என்றால் பருவமழை குறையும் என்பார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டக்கூடாது. இலங்கையில் எல் நினோ ஆண்டுகளில் ஐப்பசி, கார்த்திகை மழை கூடுவதும், தை முதல் பங்குனி வரையான மழை குறைவதும்தான் பொதுவான போக்கு.

வெப்பம் ஏன் ஏறுகிறது?

வெயில் நிலத்தைச் சூடாக்குகிறது. சூடான நிலம் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராக அதைத் திருப்பி விடுகிறது. காற்றில் இருக்கும் நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் போன்ற வாயுக்கள் அந்தக் கதிரில் ஒரு பகுதியை உறிஞ்சி மறுபடி கீழே அனுப்புகின்றன. இது பச்சைவீட்டு விளைவு. இது கெட்ட விஷயம் இல்லை. இது இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மறை 18 பாகை செல்சியசாக இருந்திருக்கும். கெடுதல் எங்கே வந்தது என்றால், நிலக்கரியும் எண்ணெயும் எரித்து, காடழித்து, அந்த வாயுக்களைக் கூட்டியதில். தொழிற்புரட்சிக்கு முன்னர் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 2015-ல் பாரிஸ் உடன்படிக்கையில் உலக நாடுகள், வெப்ப உயர்வை 2 பாகைக்கு நன்றாகக் கீழே வைக்கவும் முடிந்தால் 1.5 பாகையில் நிறுத்தவும் ஒப்புக்கொண்டன. 2024 தான் சராசரி 1.5-ஐத் தாண்டிய முதல் முழு ஆண்டு. ஓர் ஆண்டு தாண்டியதை வைத்து உடன்படிக்கை முறிந்துவிட்டது என்று சொல்வதில்லை, அங்கேயும் நீண்ட சராசரிதான் கணக்கு. ஆனாலும் நாம் எங்கே நிற்கிறோம் என்று அது காட்டுகிறது.

இதில் வன்னிக்கு முக்கியமான இலக்கம் ஒன்று: காற்று 1 பாகை சூடானால் அது ஏறத்தாழ 7 வீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்து வைக்கும். மழை கொட்டும்போது அவ்வளவும் சேர்ந்து கொட்டும். வறட்சியும் வெள்ளமும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் வருவது எப்படி என்று கேட்கிற பிள்ளைக்கு இந்த இலக்கத்தில் இருந்து விளக்கம் சொல்லத் தொடங்கலாம்.

மெதேன் என்ற சொல்லுக்கு வயலுக்குப் போங்கள். தண்ணீர் தேங்கிய வயலின் சேற்றுக்குள் காற்றுப் போகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மெதேனை உண்டாக்கும். ஒரு கிலோ மெதேன் நூறு ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 28 மடங்கு சூடாக்கும். இதைக் குறைக்கச் சொல்லப்படும் வழி நமக்குப் பழக்கமானதுதான்: காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் துளையிட்ட குழாய் ஒன்றை நட்டு, உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே போனபிறகு மறுபடி பாய்ச்சுவது. பூக்கும் காலத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மெதேன் கணிசமாகக் குறையும், தண்ணீரும் 30 வீதம் வரை மிஞ்சும். கூட்டத்தில் யாராவது கமக்காரர்தான் உலகைச் சூடாக்குவதுபோலப் பேசினால், இலங்கையில் தலைக்கு ஏறத்தாழ 1 தொன் காபனீரொட்சைட்டுத்தான் வெளியாகிறது, உலகச் சராசரி அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல் என்பதைச் சொல்லுங்கள். வன்னிக் கமக்காரர் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்வது முதலில் தன் வாய்க்கால் கடைசி வயலுக்கும் தண்ணீர் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக.

சக்தியும் வலுவும்: கிணற்றடியில் ஒரு பாடம்

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் தடுக்குகிறார்கள், காசும் இங்கேதான் போகிறது. ஆகவே ஆறுதலாகப் பார்ப்போம்.

உங்கள் கிணற்றடி மோட்டரின் பக்கவாட்டில் ஒரு சிறிய தகடு அறைந்திருக்கும். சேறும் கறளும் பிடித்திருந்தால் துணியால் துடையுங்கள். அதில் வோல்ற்று, அம்பியர், குதிரைவலு என்று சில இலக்கங்கள் இருக்கும். 1 குதிரைவலு என்றால் 746 வாற்று. 2 குதிரைவலு மோட்டர் என்றால் ஏறத்தாழ 1,500 வாற்று, அதாவது 1.5 கிலோவாற்று. இது வலு. எவ்வளவு வேகமாகக் கரண்டைத் தின்னும் என்பதை மட்டும் சொல்கிறது. மோட்டர் ஓடாமல் இருந்தாலும் தகட்டில் அதே இலக்கம்தான் இருக்கும்.

மோட்டரைப் போட்டு 3 மணித்தியாலம் மிளகாய்க்குத் தண்ணீர் விட்டால் 1.5 தர 3, மொத்தம் 4.5. இது சக்தி. இதன் பெயர் கிலோவாற்று மணி, பில்லில் அலகு, வாயில் யுனிற். மூன்றும் ஒன்றுதான். மோட்டருக்குள் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் மீற்றரில் இதைவிடக் கொஞ்சம் கூட ஓடும். மோட்டரைப் போடுவதற்கு முன்னரும் நிறுத்திய பிறகும் மீற்றரை வாசித்து எழுதுங்கள். வித்தியாசம் உங்கள் கணக்கோடு ஏறத்தாழ ஒத்துவந்தால் சக்தியும் வலுவும் இனி உங்களுக்குக் குழம்பாது.

இதே கணக்கை வீட்டுக்குள் செய்யலாம். 9 வாற்று எல்ஈடி குமிழ் இரவு 5 மணித்தியாலம் எரிந்தால் 45 வாற்று மணி. 1 யுனிற் ஓட இருபது நாளுக்கும் மேல் எடுக்கும். 60 வாற்று விசிறி நாள் முழுவதும் சுழன்றால் ஏறத்தாழ ஒன்றரை யுனிற். கரண்டில் சூடாக்கும் சாமான், மின்கேத்தலோ அயன்பொக்சோ, பெரும்பாலும் 1,000 வாற்று அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். பில்லைக் குறைக்க வேண்டும் என்றால் குமிழை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளை ஏசுவதைவிட, சூடாக்குகிற சாமானையும் மோட்டரையும் பார்ப்பது பயன் தரும்.

பில்லில் இன்னொன்றைக் கவனியுங்கள். வீட்டுப் பாவனையில் மாதம் 60 யுனிற் வரை ஓர் அட்டவணை, 60-ஐத் தாண்டினால் வேறோர் அட்டவணை. தாண்டினால் கூடின யுனிற்றுக்கு மட்டுமில்லை, முதல் யுனிற்றில் இருந்தே விலை மாறும், நிலையான கட்டணமும் மாறும். 58-ல் நிற்கிற வீட்டுக்கும் 63-ல் நிற்கிற வீட்டுக்கும் பில்லில் தெரிகிற வித்தியாசம் இதனால்தான் பெரிதாக இருக்கிறது. விலை அடிக்கடி மாறும் என்பதால் அந்த மாதத்துக்குரிய விலையைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அறிவித்திருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயில் ஓடும் பம்புக்கும் ஒரு பக்கம் வேண்டும். 1 லீற்றர் டீசலுக்குள் ஏறத்தாழ 10 கிலோவாற்று மணி வெப்பச் சக்தி இருக்கிறது. சிறிய இயந்திரம் அதில் கால்வாசி அளவைத்தான் வேலையாக மாற்றும். மிச்சம் புகைக்குழாய்ச் சூட்டிலும் இரைச்சலிலும் போகிறது. அந்த லீற்றர் எரிந்தால் 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். பெற்றோலுக்கு 2.3, மண்ணெண்ணெய்க்கு 2.5. இந்த வீணாவதை எழுதிவைத்தால் 'வினைத்திறன்' என்ற சொல்லும் அதே பக்கத்தில் முடிந்துவிடும்: போட்ட சக்தியில் பயனாக வந்த பங்கு.

வீட்டுக்கு வரும் கரண்ட் எங்கே பிறக்கிறது?

யுத்த காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வலையமைப்பே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் தாதியராகவும் இருக்கிறார்கள். யுத்தம் முடிந்த பிறகுதான் கம்பி வவுனியாவைத் தாண்டிக் கிளிநொச்சிக்கும் சுன்னாகத்துக்கும் போனது. மின்வலையமைப்பு என்றால் நாட்டின் எல்லா மின்நிலையங்களையும் எல்லாப் பாவனையாளரையும் கோத்திருக்கும் ஒரே கம்பித் தொகுதி. அதனால்தான் மலையகத்தில் மழை பொய்த்தால் மல்லாவியில் பில் ஏறுகிறது. லக்சபானவிலும் விக்டோரியாவிலும் தண்ணீர் குறைந்தால், அந்த இடைவெளியை எண்ணெய் எரித்து நிரப்ப வேண்டும். எண்ணெய் வெளிநாட்டில் இருந்து டொலருக்கு வருகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது, டொலர் இல்லாமையும் நீர்மின் குறைவும் ஒன்றாக வந்தால் என்ன நடக்கும் என்பதை நாடே பார்த்தது.

நீர்மின்னுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, அது விழுகிற உயரமும் வேண்டும். இரணைமடுவில் அவ்வளவு தண்ணீர் இருந்தும் பெரிய மின்நிலையம் ஏன் இல்லை என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில். வன்னி தட்டையான நிலம், 36 அடிக் குளம் வயலுக்குத்தான்.

நிலக்கரியில் ஓடும் அனல்மின் நிலையம் நாட்டில் ஒன்றுதான்: புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை, 900 மெகாவாற்று (1 மெகாவாற்று என்றால் 1,000 கிலோவாற்று). நிலக்கரியில் 1 யுனிற் உண்டாக்க ஏறத்தாழ 1 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகிறது. நிலக்கரி, எண்ணெய், இயற்கை வாயு மூன்றும் சுவட்டு எரிபொருள்கள். மன்னார்ப் படுகையில் 2011-ல் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது, வர்த்தக ரீதியாக வெளியே எடுக்கப்படவில்லை. அணுசக்தி, கடலலை, புவிவெப்பம் ஆகிய சொற்களைத் தெரிந்து வைத்திருங்கள். நம் ஊர்க் கூட்டத்துக்கு அவை இப்போதைக்கு அவசரமில்லை.

காற்று அவசரம். வைகாசியில் சோளகம் எழும்பினால் புரட்டாதி வரை மன்னார், பூநகரிக் கரைகளில் ஓயாது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. ஒன்று 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5. பளைப் பக்கம் போகிறவர்கள் அங்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஏன் எல்லோரும் இந்தக் கரையையே தேடி வருகிறார்கள்? காற்றின் வேகம் இரு மடங்கானால் அதில் இருக்கும் வலு எட்டு மடங்காகும் என்பதால்தான். கொஞ்சம் கூடுதலாகக் காற்றடிக்கும் இடம், மற்ற இடத்தைவிட மிக அதிகமாகக் கரண்ட் தரும்.

சரி, 103.5 மெகாவாற்று என்றால் எப்போதும் அவ்வளவும் வருமா? வராது. அது கொள்திறன், நல்ல காற்றில் வரக்கூடிய உச்சம். உண்மையில் ஆண்டு முழுவதும் வந்தது உற்பத்தி. எந்தத் திட்டக் கூட்டத்திலும் மெகாவாற்றை மட்டும் சொன்னால், "ஆண்டுக்கு எத்தனை யுனிற் எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கேள்வி சின்னது. ஆனால் அதற்குப் பிறகு உங்களோடு பேசுகிற விதமே மாறிவிடும்.

வீட்டு அடுப்பில் எரியும் விறகும் சக்தி மூலம்தான், பெயர் உயிர்த்திணிவு. வேலிக்கு நடுகிற சீமைக்கிளுவையை வெட்டி மின்நிலையத்துக்குக் கொடுப்பதும் இதற்குள் வரும். மாட்டுச் சாணத்தில் இருந்து எடுப்பது உயிர்வாயு. நாலைந்து மாடு கட்டி வளர்க்கிற வீட்டுக்கு அடுப்பெரிக்க அது காணும், மிஞ்சும் சாணக்கரைசல் தோட்டத்துக்குப் போகும். காலையில் அவிழ்த்துவிட்டால் மாலையில்தான் மாடு திரும்பும் வீடுகளில் சாணம் சேராது என்பதையும் திட்டம் கொண்டுவருகிறவரிடம் சொல்ல வேண்டும்.

கூரைக்குச் சோலர் என்றால்

முதலில் இலக்கம். வன்னி வெயிலில் 1 கிலோவாற்று சூரியப் பனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யுனிற் அளவு தரும். 5 கிலோவாற்று என்றால் நாளுக்கு 20, மாதத்துக்கு 600. கார்த்திகை, மார்கழி முகிலில் குறையும். வெயில் கூடினால் கூடத் தரும் என்று நினைப்பார்கள். ஒளி கூடினால்தான் கூடும், சூடு ஏறினால் குறையும். பனல் 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 வீதம் வரை உற்பத்தி விழும். ஆகவே கூரைக்கும் பனலுக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி விட்டுப் பூட்டச் சொல்லுங்கள். சோளகத்துப் புழுதியை விடியற்காலையில் கழுவுங்கள். மதிய வெயிலில் கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பனல் தருவது நேரோட்டம், வீட்டுச் சாமான்கள் ஓடுவது ஆடலோட்டத்தில். ஒன்றை மற்றதாக மாற்றுவது இன்வேட்டர். இந்தப் பெட்டியை வைத்துத்தான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். சோலர் போட்ட வீட்டில் கரண்ட் வெட்டினால் வீடும் இருண்டு போகும், நடுப்பகலில் கூட. பழுது இல்லை, அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. கம்பியில் ஏறி வேலை செய்கிற மின்சார ஊழியருக்கு உங்கள் கூரையில் இருந்து கரண்ட் போய் அடிக்கக் கூடாது என்பதற்காக, வலையமைப்போடு இணைந்த இன்வேட்டர் தானே நின்றுவிடும். கரண்ட் இல்லாதபோதும் வீடு ஓட வேண்டும் என்றால் பற்றரியோடு வரும் கலப்பு இன்வேட்டர் வேண்டும், செலவு கூடும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னர் இந்தக் கேள்வியை நேராகவே கேளுங்கள்: "கரண்ட் நின்றால் இது ஓடுமா, எவ்வளவு நேரம், எந்தச் சாமானுக்கு?"

அடுத்து ஒப்பந்த வகை. நெற் மீற்றரிங் என்றால் மிஞ்சும் யுனிற் உங்கள் கணக்கில் வரவாக நிற்கும், காசு வராது. நெற் அக்கவுண்டிங் என்றால் மிஞ்சியதற்குக் காசு வரும். நெற் பிளஸ் என்றால் கூரையில் பிறக்கும் முழுவதையும் விற்று, வீட்டுப் பாவனைக்கு வழக்கம்போலப் பில் கட்டுவீர்கள். கூரைச் சோலரைப் பரப்ப 2016-ல் அரசு தொடங்கிய சூரியபல சங்கிராமய திட்டத்தோடு இந்த மூன்றும் ஊருக்குள் பரவின. வாங்கும் விலை ஆண்டுக்காண்டு மாறியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் முன்னர் கையெழுத்திட்ட விலை உங்களுக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். மாதம் 50 யுனிற் பாவிக்கிற வீடு கடன் எடுத்து 5 கிலோவாற்று போடுவது வீட்டுத் தேவைக்கு இல்லை, அது ஒரு வியாபாரம். வியாபாரம் என்றே நினைத்து, தவணைப் பணத்தையும் வாங்கும் விலையையும் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள்.

இந்தப் பகுதியில் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு சொல் சேமிப்பு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்னர் நாடு முழுவதும் கரண்ட் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதைத்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் விடுமுறை நாளின் குறைந்த பாவனையும், வெயிலில் கூரைகளில் இருந்து வந்த அதிகக் கரண்டும் சேர்ந்து வலையமைப்பு தளம்பலைத் தாங்க முடியாத நிலையில் இருந்ததையும் மின்சார சபை காரணமாகச் சொன்னது. மாலை 6.30-லிருந்து இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் வெயில் இல்லை. பகலில் மிஞ்சுவதை இரவுக்கு வைக்க பற்றரி போன்ற சேமிப்பு இல்லாமல் சோலரை மட்டும் பெருக்க முடியாது. 2030-ல் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களில் இருந்து எடுப்பது அரசின் இலக்கு. அது எட்டுமா என்பதில் சேமிப்புக்குப் பெரிய பங்கிருக்கிறது.

தணித்தல், இசைவாக்கம், எச்சரிக்கை

வாயு வெளியேறுவதைக் குறைப்பது தணித்தல். வந்துவிட்ட மாற்றத்தோடு வாழ ஏற்பாடு செய்வது இசைவாக்கம். சோலர் தணித்தல். வாய்க்கால் திருத்துவது இசைவாக்கம். காய்ச்சலும் பாய்ச்சலும் இரண்டும். பாதிப்பு வந்தாலும் தாங்கி மீண்டு எழும் வலிமைதான் தாங்குதிறன்.

ஒரு கூட்டத்தில் வளவாளர் இசைவாக்கத்தை நெடுநேரம் விளக்கி முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் எழுந்தார். "தம்பி, குளத்தில தண்ணி குறைவெண்டால் நாங்கள் மூண்டு மாத நெல்லு போடுறம். அதையோ சொல்லுறியள்?" வளவாளர் "ஓம் ஐயா, அதுதான்" என்றார். "அப்ப விதைநெல்லு நேரத்துக்குத் தாறதுக்கு ஏற்பாடு என்ன?" என்று ஐயா அடுத்த கேள்வியைக் கேட்டார். மண்டபம் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தது. சொல்லைப் பிடித்ததும் கேள்வி தானாக வந்தது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஐயாவைப்போலக் கேட்கப் பழகுவதற்காகத்தான்.

உவரைத் தாங்கும் என்று சொல்லப்படும் பூநகரியின் மொட்டைக்கறுப்பன் நெல்லும் இந்தப் பக்கத்துக்குரியது. கரையோரத்தில் உவர் ஏறுவது இனிக் கூடும். 1900-களின் தொடக்கத்தில் இருந்து உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. அதேநேரம், வறட்சிக்கு மருந்தென்று கடலுக்குக் கிட்ட ஆழ்துளைக் கிணறு தோண்டி அளவில்லாமல் இறைத்தால் உவர் இன்னும் உள்ளே வரும். தீர்வு என்று செய்தது பிரச்சினையைக் கூட்டினால் அது தவறான இசைவாக்கம்.

எச்சரிக்கைச் சொற்களை மழை தொடங்குவதற்கு முன்னரே படிக்க வேண்டும். தாழமுக்கம் வலுத்தால் சூறாவளி. தாழமுக்கம் என்ற நிலையிலேயே பெருமழை வரலாம், சூறாவளி என்ற பெயர் வரும்வரை காத்திருக்கக் கூடாது. 'இரணைமடு வான்கதவுகள் 6 அங்குலம் திறப்பு' என்ற செய்தி வந்தால், கனகராயன் ஆறு வழியாக அந்தத் தண்ணீர் ஆனையிறவுக் கடனீரேரிப் பக்கம் போகும் பாதையில் உங்கள் வீடு இருக்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டும். வான்கதவு முழுவதும் திறந்தால் எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்று கிராம அலுவலரிடமும் 2018-ல் தண்ணீர் கண்டவர்களிடமும் கேட்டுக் கொப்பியில் ஒரு வரைபடம் கீறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைக் கொப்பியின் அட்டையிலேயே எழுதுங்கள்.

திட்டத்தோடு வரும் சொற்கள்

தேறிய பூச்சியம்: வெளியேறும் வாயுவும் திரும்ப உறிஞ்சப்படும் வாயுவும் சமமாகும் நிலை. இலங்கை 2050-ல் காபன் நடுநிலை என்று இலக்கு வைத்திருக்கிறது. காபன் வரவு: ஓரிடத்தில் குறைத்த அல்லது மரம் நட்டு உறிஞ்சிய ஒரு தொன்னை இன்னொருவருக்கு விற்பது. காணியில் மரம் நடக் கேட்டு வந்தால், எத்தனை ஆண்டுக்கு, வரவு யார் பெயரில், மரத்தை வெட்டும் உரிமை யாருக்கு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். இழப்பும் சேதமும்: இசைவாக்கத்தாலும் தடுக்க முடியாமல் போன பாதிப்பு. இதற்கென ஒரு நிதியம் அமைக்க 2022-ல் எகிப்தில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் முடிவானது.

கடைசியாக, சுற்றாடல் தாக்க மதிப்பீடு: ஒரு திட்டம் சூழலுக்கும் சனத்துக்கும் என்ன செய்யும் என்று தொடங்குவதற்கு முன்னரே ஆராய்வது. என் எண்ணத்தில் வன்னி இளைஞர் ஒரேயொரு சொல்லைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படிக்க வேண்டும். காற்றாலை சுத்தமான சக்திதான், எனக்கு அதில் ஐயமில்லை. ஆனால் எந்தக் காணியில், எந்த நீரோட்டத்தை மறித்து, எந்தப் பறவைகளின் வழியில் நடப்படுகிறது என்பது தனிக் கேள்வி. மன்னார் மத்திய ஆசியப் பறவைப் பாதையில் இருக்கிறது, பக்கத்து வங்காலைச் சரணாலயம் 2010-ல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாகப் பட்டியலில் சேர்ந்தது. 2025-ல் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளை எதிர்த்து வீதிக்கு வந்தபோது அவர்கள் கேட்டது இவற்றைத்தான். மன்னாருக்கும் பூநகரிக்கும் 484 மெகாவாற்று என்று வந்த அதானி நிறுவனத்தின் திட்டம் 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. அடுத்த திட்டங்கள் வரும்.

முழு மதிப்பீடு தேவைப்படும் பெரிய திட்டத்தின் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் இருக்கிறது. அறிவித்தல் பத்திரிகையில் தமிழிலும் வர வேண்டும். பிரதேச செயலக அறிவித்தல் பலகையை வாரம் ஒருமுறை பாருங்கள். அறிக்கை தடிப்பாக இருக்கும். முழுவதும் வாசிக்க நேரமில்லாவிட்டால் மூன்று இடங்களைத் தேடுங்கள்: காணி வரைபடம், வெள்ள நீர் வடியும் பாதை, மாற்று இடங்கள் பற்றிய பகுதி. உங்கள் ஊர்ப் பெயரும் குளத்தின் பெயரும் வாய்க்காலின் பெயரும் அந்தப் பக்கங்களில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் பக்க இலக்கத்தோடு எழுதி, சங்கத்தின் முத்திரையோடு அறிவித்தலில் சொல்லியிருக்கும் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். அரச அலுவலகத்திடம் இருக்கும் ஆவணம் கிடைக்காவிட்டால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.